மொத்தம் எத்தனை? கணினித் தேடலில் ஓர் எண்ணின் வரலாறு

கணினித் திரையில் நீண்ட பட்டியல் ஒன்றைத் தேடிப் பார்க்கும் எவரும் அதன் தலைப்பிலோ அடியிலோ ‘4,312-இல் 1 முதல் 20 வரை’ என்பது போன்ற ஒரு வரியைக் கண்டிருப்பர். அவ்வரியில் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: இப்போது திரையில் உள்ளவை எவை என்பது ஒன்று, தேடலுக்குப் பொருந்துபவை மொத்தம் எத்தனை என்பது மற்றொன்று. படிப்பவருக்கு இவை ஒரே விடையின் இரு பாதிகளாகத் தோன்றினாலும், தரவுத்தளத்துக்கு, அதாவது செய்திகளை ஒழுங்குபட அடுக்கிவைத்துக் கேட்டபோது எடுத்துத் தரும் மென்பொருளுக்கு, இவை வெவ்வேறான இரு வேலைகள். முதல் இருபதைத் தருவதற்கு அது பொருத்தமான வரிசையில் இருபதைக் கண்டதும் நின்றுவிடலாம்; மொத்தத்தைச் சொல்வதற்கோ 4,312-ஐயும் ஒன்றுவிடாமல் தொட்டுவர வேண்டும். நீண்ட முடிவுகளைத் திரைக்கு அடங்கும் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் முறைக்குப் பக்கமிடல் என்று பெயர். அதன் வரலாற்றில் பக்கத்தைக் காட்டும் உத்திகளை விட, மொத்தத்தைச் சொல்லும் சுமை யார் தலையில் இறங்கியது என்பதே சிக்கலும் சுவையும் மிகுந்த பகுதி.

மொத்த எண்ணிக்கையை வாசகரின் கண்முன் வைக்கும் பழக்கம் வேரூன்றி வளர்ந்த இடம் வணிக அலுவலகம் அன்று, நூலகம். அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் பாலோ ஆல்டோவில் நடத்திய ஆய்வுக்கூடத்தில் ரோஜர் சம்மிட் தலைமையில் 1960-களில் உருவாகி, நாசாவின் ஆய்வறிக்கைகளைத் தேட உதவிய ரீகான் முறைக்கு அடித்தளமாகி, 1972-இல் கட்டணச் சேவையாக வெளிவந்த டயலாக் என்னும் தேடல் முறையில், ஒரு சொல்லைக் கொடுத்தவுடன் கட்டுரைத் தலைப்புகள் வந்து கொட்டுவதில்லை. அத்தேடல் ஒரு தொகுதியாகப் பதிவாகி அதற்கு ஒரு வரிசை எண் கிடைக்கும். அதன் அருகில் அத்தொகுதியில் சேர்ந்த ஆவணங்கள் எத்தனை என்பது அச்சாகும். அத்துடன் இயந்திரம் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். தலைப்புகளைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த ஒழுங்கின் நியாயம் அக்கால முனையங்களின் வேகத்தில் இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியே இணைந்த தட்டச்சு முனையம் நொடிக்குப் 10 எழுத்துகளை, சற்றுப் பிந்தையது 30 எழுத்துகளை அடித்துத் தள்ளியது. எண்பது எழுத்துள்ள ஒரு தலைப்பு பழைய முனையத்தில் அச்சாக எட்டு நொடி ஆகும்; இருநூறு தலைப்புகளுக்கு ஏறத்தாழ 27 நிமிடம் ஆகும். இணைப்பில் இருக்கும் நேரத்துக்கும் அச்சிடும் ஒவ்வொரு பதிவுக்கும் கட்டணம் ஓடிக்கொண்டிருந்த சூழலில், எண்ணைப் பாராமல் பட்டியலைக் கேட்பது விலை கேட்காமல் துணி கிழிப்பதற்கு ஒப்பாகும். ஆகவே ஆய்வாளருக்காகத் தேடித் தந்த நூலகர்கள் எண்ணைப் பார்த்தே தேடலைச் செதுக்கினர். ஆயிரக்கணக்கில் வந்தால் இன்னொரு சொல்லைச் சேர்த்து இறுக்கினர். மூன்றோ நான்கோ வந்தால் ஒத்த பொருளுடைய சொல்லை இணைத்துத் தளர்த்தினர். கைக்கு அடங்கும் அளவு வந்த பின்னரே அச்சுக் கட்டளை பிறந்தது. எண்ணிக்கை அங்கு அலங்காரமாக இருக்கவில்லை, தேடுபவரின் கையில் இருந்த ஒரே அளவுகோலாக இருந்தது.

அந்த எண்ணை இயந்திரமும் எளிதாகத் தந்தது. காரணம், அத்தகைய முறைகள் தலைகீழ் அடைவு என்னும் அமைப்பின்மேல் கட்டப்பட்டவை. புத்தகத்தின் இறுதியில் உள்ள சொல்லடைவு ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் பக்க எண்களைத் தருவது போலவே, தலைகீழ் அடைவு ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது இடம்பெறும் ஆவணங்களின் எண்களை வரிசையாக வைத்திருக்கும். அவ்வரிசையின் நீளமும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். ஒற்றைச் சொல்லைத் தேடினால் அந்த நீளத்தைப் படித்துச் சொன்னால் போதும். இரண்டு சொற்களும் ஒருங்கே வரும் ஆவணங்களைக் கேட்டால் இரு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பொது எண்களைத் திரட்ட வேண்டும். திரட்டி முடிக்கும்போது அவற்றின் எண்ணிக்கை தானாகவே கையில் இருக்கும். முடிவைத் தயாரிக்கும் வேலையின் துணைவிளைவாக மொத்தம் கிடைத்த காலம் அது. நூலகக் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக அமெரிக்காவில் 1988-இல் வெளியிடப்பட்ட இசட்39.50 என்னும் தரநிலையிலும் இவ்வொழுங்கு உறைந்து நின்றது: தேடலுக்கான மறுமொழியில் முடிவுகளின் எண்ணிக்கை ஓர் உறுப்பாக வரும், பதிவுகளை எடுத்துக் காட்டுவதற்கு வேறொரு வேண்டுகோள் அனுப்ப வேண்டும்.

வங்கி, காப்பீடு, கிடங்கு முதலிய வணிக அலுவலகங்களில் நிலைமை வேறு. ஐபிஎம் 1971-இல் கொண்டுவந்த 3270 வகைத் திரைகளில் பரவலாக வழங்கிய அளவு 24 வரி, வரிக்கு 80 எழுத்து, ஆக 1,920 எழுத்து. அதற்குள் தலைப்பும் கட்டளைக் கோடும் போக ஏறத்தாழ இருபது பதிவுகளுக்கே இடம் இருந்தது. சிக்ஸ் என்னும் பரிவர்த்தனை மென்பொருளில் எழுதப்பட்ட நிரல்கள், பெயரோ கணக்கு எண்ணோ கொண்ட ஒரு திறவுகோலிலிருந்து கோப்பைத் திறந்து, ‘அடுத்தது படி’, ‘முந்தையது படி’ என்னும் கட்டளைகளால் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரையை நிரப்பின. திரை நிரம்பியதும் நிரல் முடிந்துவிடும். எழுத்தர் படித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் கணினியின் நினைவகத்தைப் பிடித்துவைத்திருக்க வசதி இல்லாத காலம் அது. கடைசியாகக் காட்டிய பதிவின் திறவுகோல் மட்டும் ஒரு சிறு சேமிப்பிடத்தில் எழுதிவைக்கப்படும். எழுத்தர் அடுத்த பக்கத்துக்கான விசையை அழுத்தினால் நிரல் மீண்டும் உயிர்பெற்று, அத்திறவுகோலுக்கு அடுத்த இடத்திலிருந்து தொடரும்.

இம்முறையில் மொத்தம் என்ற ஒன்று எங்கும் கணக்கிடப்படவில்லை. ஐபிஎம் 1988-இல் வெளியிட்ட ஏஎஸ்400 கணினியின் பட்டியல் திரைகளில் வலப்பக்க அடியில் ‘மோர்...’ என்ற சொல் நின்றால் இன்னும் உண்டு என்றும், ‘பாட்டம்’ என்ற சொல் நின்றால் பட்டியல் முடிந்தது என்றும் பொருள். இதைச் சொல்வதற்கு நிரல் செய்ய வேண்டியது மிகச் சிறிது: இருபது பதிவு காட்ட வேண்டிய இடத்தில் இருபத்தொன்றைப் படித்துப் பார்ப்பது. இருபத்தொன்றாவது கிடைத்தால் ‘இன்னும் உண்டு’, கிடைக்காவிட்டால் ‘முற்றும்’. குறிப்பிட்ட வாடிக்கையாளரின் கணக்கைத் தேடி வந்த எழுத்தருக்கு அதே பெயரில் எத்தனை பேர் உள்ளனர் என்பது தேவைப்படவில்லை; அவரைத் தாண்டிப் பட்டியல் நீளுகிறதா என்பதே தேவைப்பட்டது. இந்த அடக்கமான விடை பின்னாளில் புதுமை என்ற பெயரோடு திரும்பி வந்ததைக் காணும்போது, கணினித் துறையின் ஞாபகசக்தி மிகக் குறுகியது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்விரு மரபுகளுக்கும் இடையில் மூன்றாவதாக வந்தது உறவுசார் தரவுத்தளம். ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில், தரவுகளை நிரைகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாகக் கருதி, அவ்வட்டவணைகளைக் கணிதத்தின் கணங்களாகக் கையாளலாம் என்று காட்டினார். கணத்துக்கு முதல், இடை, கடை என்ற வரிசைமுறை கிடையாது. ஆதலால் ‘இரண்டாம் பக்கம்’ என்ற கருத்தே அக்கோட்பாட்டுக்குள் பொருந்தாத ஒன்று. ஆனால் ஒரு கணத்தில் எத்தனை உறுப்புகள் என்பது இயல்பான கேள்வி. டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் முன்வைத்து, பிறகு எஸ்க்யூஎல் என்று பெயர் சுருங்கிய வினவல் மொழியில், எண்ணுவதற்குரிய ‘கவுண்ட்’ தொடக்கம் முதலே உரிமையோடு குடியிருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துத் தரும் தொடரோ 2008-ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் முறையான இடம் பெற்றது.

இடைப்பட்ட காலத்தில் நிரல்கள் கர்சர் என்னும் கருவியைப் பயன்படுத்தின. வினவலின் முடிவுக்குள் நகரும் விரல் போன்றது கர்சர். அது ஒரு நேரத்தில் ஒரு நிரையைக் காட்டும். நிரைகள் தீர்ந்ததும் தரவுத்தளம் 100 என்ற குறியெண்ணைத் திருப்பி அனுப்பும். அந்த 100 வரும்வரை மொத்தம் எத்தனை என்பது நிரலுக்கும் தெரியாது, பெரும்பாலும் தரவுத்தளத்துக்கும் தெரியாது. ஆனாலும் எத்தனை இருக்கலாம் என்ற ஊகம் உள்ளுக்குள் அதற்குத் தேவைப்பட்டது, ஏனெனில் எந்த வழியாகத் தேடினால் விரைவில் முடியும் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த பட்ரீஷியா செலிங்கரும் உடன் பணியாற்றியோரும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை இவ்வூகத்துக்கு விதிகளைத் தந்தது: ஒரு நெடுவரிசையின் மதிப்பு இன்னதற்குச் சமம் என்னும் நிபந்தனைக்கு, உதவ அடைவு இல்லாதபோது, பத்தில் ஒரு பங்கு நிரைகள் பொருந்தும் என்று கொள்க, ஒரு மதிப்பை விடப் பெரியது என்னும் நிபந்தனைக்கு, வேறு விவரம் இல்லாதபோது, மூன்றில் ஒரு பங்கு என்று கொள்க. மூன்றில் ஒரு பங்கு என்ற அளவுக்குத் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை என்பதை அவர்களே கட்டுரையில் ஒப்புக்கொண்டிருந்தனர். பயனருக்குக் காட்டுவதற்கென்று பிறக்காத இந்த ஊக எண், பிற்காலத்தில் பயனரின் திரைக்கே வந்துசேர்ந்தது.

மொத்தம் சொல்லும் பழக்கத்தை உலகப் பொதுவாக்கியது வலைத்தளம். வலையின் அடிப்படை நெறிமுறையில் ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்து நிற்பது. முதல் பக்கத்தைக் கேட்டவர் இரண்டாம் பக்கத்தைக் கேட்க வருவாரா, வந்தால் எப்போது வருவார் என்பது வழங்கிக்குத் தெரியாது. எனவே கர்சரைத் திறந்தபடியே வைத்துக் காத்திருக்க முடியாது. இதற்கு விடையாக வந்தது ‘லிமிட்’ என்னும் தொடர்: இத்தனை நிரைகளைத் தாண்டு, அடுத்து இத்தனையைத் தா. பிஎச்பி மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995-இல் எம்எஸ்க்யூஎல் என்னும் சிறு தரவுத்தளத்தில் இத்தொடரைச் சேர்த்தவராக அறியப்படுகிறார். மைஎஸ்க்யூஎல்லும் 1999-இல் போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல்லின் 6.5-ஆம் பதிப்பும் இதே வழியில் சென்றன. மைக்ரோசாஃப்டின் தரவுத்தளம் 2012-லும் ஆரக்கிள் 2013-லும் வேறு சொற்களில் இதே வசதியை ஏற்றன.

பக்கத்தை இப்படி எடுத்துவிடலாம் என்றான பிறகு, திரையின் அடியில் 1, 2, 3 என்று எண்களை வரிசையாக அடுக்கும் வழக்கம் பரவியது. அங்குதான் மொத்தம் கட்டாயமாயிற்று. கடைசிப் பக்கத்தின் எண்ணை அச்சிட வேண்டுமானால் 4,312-ஐ 20-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கி 216 என்று கண்டாக வேண்டும். அந்த 216-ஆம் பக்கத்தில் பன்னிரண்டே பதிவுகள் இருக்கும், அதைத் திறந்து பார்ப்பவரும் அரிதாகவே இருப்பார். அந்த ஒரு எண்ணுக்காக ஒவ்வொரு பக்கத் திறப்பிலும் இரண்டு வினவல்கள் ஓடின: எண்ணுவதற்கு ஒன்று, எடுப்பதற்கு ஒன்று. இதைக் கேள்வி கேட்பாரின்றி ஏற்கச் செய்ததில் ஒரு தற்செயலுக்குப் பங்கு உண்டு. அக்கால மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான சேமிப்பு முறையான மைஐசாம், ஒவ்வோர் அட்டவணையிலும் உள்ள நிரைகளின் சரியான எண்ணிக்கையைக் கோப்பிலேயே குறித்துவைத்திருந்தது. ஆகவே நிபந்தனையற்ற ‘கவுண்ட்’ கண்ணிமைக்கும் நேரத்தில் விடை தந்தது. நிபந்தனை ஒன்று சேர்ந்தால் அந்த வசதி மறைந்துவிடும் என்றாலும், தளங்கள் சிறியவையாக இருந்தவரை வேறுபாடு தெரியவில்லை. எண்ணுவது இலவசம் என்ற நம்பிக்கை ஒரு தலைமுறை நிரலாளரிடம் இப்படித்தான் படிந்தது.

இரண்டு வினவல் எதற்கு, ஒன்றே போதும் என்ற எண்ணத்தில் மைஎஸ்க்யூஎல் தன் 4.0 பதிப்பில் ஒரு குறுக்குவழியைத் திறந்தது. ‘எஸ்க்யூஎல் கால்க் ஃபவுண்ட் ரோஸ்’ என்னும் சொல்லை வினவலில் சேர்த்தால், லிமிட் இல்லாதிருந்தால் எத்தனை நிரைகள் வந்திருக்கும் என்பதைத் தரவுத்தளம் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். அடுத்த அழைப்பில் அந்த எண்ணைக் கேட்டுப் பெறலாம். வேர்ட்பிரஸ் என்னும் வலைப்பதிவு மென்பொருள் தன் பதிவுப் பட்டியல்களுக்கு இதையே கைக்கொண்டதால் உலகின் எண்ணற்ற வலைத்தளங்களில் அது நாள்தோறும் ஓடியது. ஆனால் அது சேமித்தது நிரலாளரின் விரலை மட்டுமே. தனியாக எண்ணச் சொன்னால் தரவுத்தளம் அடைவை மட்டும் படித்து எண்ணிக்கொள்ளும். எடுக்க மட்டும் சொன்னால் இருபதோடு நின்றுவிடும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டபோது இந்த இரு சிக்கனங்களும் பெரும்பாலும் கைநழுவின. 2019-இல் வெளிவந்த 8.0.17 பதிப்பில் இவ்வசதி கைவிடப்படவிருப்பதாக அறிவிக்கப்பட்டு, இரண்டு வினவல்களையே எழுதுமாறு அதன் கையேடு அறிவுறுத்தியது.

எண்ணுவதன் உண்மையான கடினம் வேறோர் இடத்தில் இருந்தது. அதை விளக்கப் பல்பதிப்பு முறை என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒரே தரவைப் பலர் ஒருங்கே படித்தும் மாற்றியும் வருகையில் ஒருவர் மற்றவரைத் தடுத்து நிறுத்தாதிருக்க, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய பதிப்பை அழிக்காமல் புதிய பதிப்பை அருகில் வைத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று நேரத்தைக் கொண்டு தீர்மானிக்கும் ஏற்பாடு இது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ரீட் 1978-இல் அளித்த ஆய்வேட்டில் இக்கருத்து தெளிவான உருப்பெற்றது. போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல் 1999-இல் இதை ஏற்றது. மைஎஸ்க்யூஎல்லில் இம்முறைப்படி இயங்கும் இன்னோடிபி 2010-இல் 5.5 பதிப்பு முதல் இயல்பிருப்பாயிற்று.

இம்முறையில் ‘மொத்தம்’ என்ற ஒற்றை எண் இல்லாமற்போகிறது. ஓர் எழுத்தர் ஐம்பது புதிய நிரைகளைச் சேர்த்து இன்னும் உறுதி செய்யவில்லை என்று கொள்க. அதே நொடியில் அவர் எண்ணினால் 4,362 வரும். அடுத்த மேசையில் இருப்பவர் எண்ணினால் 4,312 வரும். அரைமணி நேரத்துக்கு முன் ஒரு நீண்ட அறிக்கையைத் தொடங்கியவருக்கு வேறோர் எண் வரும். மூன்றும் சரியானவை. ஆகவே அட்டவணையின் தலைப்பில் ஓர் எண்ணைக் குறித்துவைத்து எல்லாருக்கும் அதையே காட்ட வழியில்லை. ஒவ்வொரு நிரையையும் எடுத்து, இது இவர் கண்ணுக்குத் தெரிய வேண்டியதா என்று கேட்டுக் கேட்டே எண்ண வேண்டும். அடைவில் நிரையின் இருப்பிடம் மட்டுமே எழுதப்பட்டு, அது யாருக்குத் தெரியும் என்பது எழுதப்படாதிருந்ததால், போஸ்ட்கிரெஸ்எஸ்க்யூஎல் ஒவ்வொன்றுக்கும் அட்டவணையையே சென்று பார்க்க வேண்டியிருந்தது. எந்தெந்தப் பக்கங்களில் உள்ளவை எல்லாருக்கும் தெரிபவை என்று குறிக்கும் சிறு வரைபடம் ஒன்றைத் துணைக்கொண்டு, 2012-இல் வந்த 9.2 பதிப்பு இந்த அலைச்சலைக் குறைத்தது, முற்றாகப் போக்கவில்லை. மைஐசாமிலிருந்து இன்னோடிபிக்கு மாறியவர்கள் நேற்றுவரை நொடியில் வந்த எண் இன்று தாமதிப்பதைக் கண்டு புதிய முறை பழுதானது என்று நினைத்ததுண்டு. உண்மையில் பலர் ஒருங்கே எழுதும் இடத்தில் எண்ணிக்கை எவ்வளவு விலையுள்ளது என்பது அப்போதுதான் ரசீதோடு வெளிப்பட்டது. பிஎச்பிமைஅட்மின் என்னும் மேலாண்மைக் கருவி இதை நேர்மையாகக் கையாண்டது: பெரிய இன்னோடிபி அட்டவணைகளின் நிரை எண்ணிக்கைக்கு முன்னால் ‘~’ என்னும் அலைக்குறியை இட்டு, இது தோராயம் என்று அறிவித்தது.

பக்கத்தை எடுக்கும் வினவலும் எண்ணும் வினவலும் வெவ்வேறு கணங்களில் ஓடுவதால் இன்னொரு கோணலும் உண்டு. வாசகர் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கையில் பட்டியலின் தலையில் ஒரு புதிய பதிவு சேர்ந்தால், எல்லாம் ஓரிடம் கீழே நகர்ந்து, முதல் பக்கத்தின் கடைசிப் பதிவு இரண்டாம் பக்கத்தின் தலையில் மீண்டும் நிற்கும். ஒரு பதிவு நீக்கப்பட்டால், ஒன்று எந்தப் பக்கத்திலும் தோன்றாமல் இடுக்கில் விழுந்துவிடும். மேலும் 216-ஆம் பக்கத்துக்குச் செல்ல 4,300 நிரைகளைப் படித்து எறிய வேண்டும். மார்க்குஸ் வினாண்ட் 2012-இல் வெளியான தம் நூலிலும் அதன்பின் நடத்திய பரப்புரையிலும், தாண்டிச் செல்லும் முறையைக் கைவிட்டுக் கடைசி நிரையின் திறவுகோலிலிருந்து தொடருமாறு நிரலாளரை வலியுறுத்தினார். சிக்ஸ் திரைகளை எழுதிய பழைய தலைமுறையினருக்கு இதில் புதிதாக ஏதும் இருந்திருக்காது.

வலைத் தேடுபொறிகளோ சரியான மொத்தத்தைத் தருவதாக ஒருபோதும் உறுதியளிக்கவில்லை. கூகுளின் நிறுவனர்கள் செர்கேய் பிரின்னும் லாரி பேஜும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, விடை தரும் நேரத்தைக் கட்டுக்குள் வைக்க, பொருந்தும் ஆவணங்கள் 40,000 கிடைத்ததும் தேடலை நிறுத்தித் தரவரிசைக்குச் சென்றுவிடுவதாக எழுதியிருந்தனர். ‘ஏறத்தாழ இத்தனை முடிவுகள்’ என்று கூகுள் காட்டிய பெரும் எண்களில் ‘ஏறத்தாழ’ என்பதே முதன்மைச் சொல். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போல ஒரு பகுதியைக் கொண்டு முழுமையை மதிப்பிடும் வழியை, ஜோசப் ஹெல்லர்ஸ்டைனும் உடன் ஆய்ந்தோரும் 1997-லேயே தரவுத்தளங்களுக்கு முன்மொழிந்திருந்தனர்: எண்ணி முடியும்வரை பயனரைக் காக்கவைக்காமல், நொடிக்கு நொடி திருந்திவரும் மதிப்பீட்டை அதன் பிழையெல்லையோடு காட்டலாம் என்பது அவர்கள் கருத்து. செலிங்கரின் வழிவந்த ஊக எண்ணும் இக்காலத்தில் வேலைக்கு அழைக்கப்பட்டது. தரவுத்தளத்திடம் வினவலை ஓட்டாமல் அதன் திட்டத்தை மட்டும் விளக்கச் சொல்லி, அதில் வரும் எதிர்பார்ப்பு எண்ணை எடுத்துத் திரையில் போடும் உத்தி நிரலாளரிடையே பரவியது.

தலைகீழ் அடைவின் உலகிலேயே மொத்தம் விலையுயர்ந்த பொருளாக மாறியதுதான் இவ்வரலாற்றின் எதிர்பாராத திருப்பம். ஆந்திரே புரோடரும் உடன் ஆய்ந்தோரும் 2003-இல் வெளியிட்ட ‘வாண்ட்’ என்னும் வழிமுறை, மிகச் சிறந்த பத்து முடிவுகளைத் தேடும்போது, இதுவரை கிடைத்த பத்தாவதன் மதிப்பெண்ணை எட்டவே முடியாத ஆவணங்களைத் திறந்து பாராமலே தாண்டிச் செல்வது. 2011-இல் இது மேலும் கூர்மை பெற்று, ஆவணங்களைக் கட்டுகளாகப் பிரித்து, கட்டு முழுவதையும் ஒரே தாவலில் கடக்கும் வடிவத்தை எட்டியது. தாண்டிச் சென்ற கட்டுக்குள் பொருந்தும் ஆவணங்கள் எத்தனை இருந்தன என்பது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமானால் தாண்டக் கூடாது. டயலாக் காலத்தில் வேலையின் துணைவிளைவாகக் கிடைத்த எண், இப்போது வேலையைத் தடுக்கும் முட்டுக்கட்டையாயிற்று. லூசீன் என்னும் தேடல் நூலகம் தன் 8-ஆம் பதிப்பில் இவ்வழிமுறையை ஏற்றதை அடுத்து, அதன்மேல் கட்டப்பட்ட எலாஸ்டிக்சர்ச் 2019 ஏப்ரலில் வெளியிட்ட 7.0 பதிப்பில் இயல்பாக 10,000 வரை மட்டுமே எண்ணத் தொடங்கியது. அதுவரை மறுமொழியில் வெறும் எண்ணாக வந்த மொத்தம், அப்பதிப்பில் இரண்டு உறுப்புகளாகப் பிரிந்தது: ஒன்று எண், மற்றொன்று அந்த எண் ‘சரியாக இவ்வளவு’ என்பதா ‘குறைந்தது இவ்வளவு’ என்பதா என்று சொல்லும் குறி. பழைய வடிவத்தை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரல்கள் தடுமாறாதிருக்க, எண்ணை மட்டும் தரும் பழைய வழியும் ஒரு தெரிவாக விட்டுவைக்கப்பட்டது. எண்ணோடு அதன் உறுதிநிலையையும் சேர்த்துச் சொன்ன இந்த மாற்றம், அளவில் சிறிதாயினும், இத்துறையில் நிகழ்ந்த மிக நாணயமான திருத்தம் எனலாம்.

பயனர் திரையிலும் பின்வாங்கல் நடந்தது. ஏசா ராஸ்கின் 2006-இல் உருவாக்கி, பின்னாளில் அதற்காக வருந்திய முடிவிலாச் சுருள், அதாவது கீழே நகர நகர அடுத்த பதிவுகள் தாமே வந்துசேரும் முறை, பக்க எண்களை ஒழித்ததோடு மொத்தத்தின் தேவையையும் ஒழித்தது. ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்ட ரிலே என்னும் நிரல் சட்டகத்தின் பட்டியல் விதிகளில் ‘அடுத்த பக்கம் உண்டா’ என்பதற்குக் கட்டாய இடம் உண்டு, மொத்தத்துக்கு இல்லை. ஏஎஸ்400 திரையின் ‘மோர்...’ வேறு உடையில் வந்து நின்றது. அதே ஆண்டில் ஜாங்கோ என்னும் வலைச் சட்டகம், தன் மேலாண்மைத் திரையில் வடிகட்டிய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் முழு அட்டவணையின் எண்ணிக்கையையும் காட்டிவந்த வழக்கத்தை விரும்பினால் நிறுத்திக்கொள்ள வழிசெய்தது.

தமிழ் விக்கிப்பீடியாவின் பகுப்புப் பக்கங்களைப் பார்ப்போர் இந்த ஏற்பாடுகளின் இன்னொரு வகையைக் காணலாம். மீடியாவிக்கி மென்பொருள் ஒரு பக்கத்துக்கு 200 கட்டுரைகள் வரை காட்டுகிறது; பக்க எண்களை இடுவதில்லை; அடுத்த பக்கத்துக்கான இணைப்பு, தொடங்க வேண்டிய தலைப்பைத் திறவுகோலாகத் தாங்கி நிற்கிறது. மொத்தத்தை அது ஒவ்வொரு முறையும் எண்ணுவதில்லை. கட்டுரை பகுப்பில் சேரும்போதும் விலகும்போதும் கூட்டிக் குறைத்துத் தனி அட்டவணை ஒன்றில் குறித்துவைக்கிறது. அப்படிக் குறித்த கணக்கு காலப்போக்கில் பிசகுவதுண்டு. பகுப்பு சிறியதாக இருந்து எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டால், கண்ணெதிரே உள்ளதை எண்ணி அக்குறிப்பைத் திருத்திக்கொள்கிறது. பகுப்பு பெரியதாக இருந்து குறிப்பும் நம்பத்தகாததாகத் தோன்றினால், மொத்தத்தைச் சொல்லாமல், இப்பக்கத்தில் உள்ளவை இத்தனை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

எண்ணைக் கைவிட முடியாத துறைகளும் உள்ளன. ஒரு சிகிச்சையைப் பற்றி வெளிவந்த ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி எடைபோடும் மருத்துவ முறைசார் மீளாய்வுகளுக்கு 2009-இல் வகுக்கப்பட்டு 2020-இல் திருத்தப்பட்ட பிரிஸ்மா நெறிமுறையில் ஒரு படம் வேண்டப்படுகிறது. அதன் முதல் கட்டத்தில், தேடிய தரவுத்தளங்களிலிருந்து கிடைத்த பதிவுகள் எத்தனை என்பதை எழுத வேண்டும், அடுத்தடுத்த கட்டங்களில் கழிக்கப்பட்டவை எத்தனை, எஞ்சியவை எத்தனை என்று கணக்கு இறங்கிக்கொண்டே வர வேண்டும். அங்கு ‘பத்தாயிரத்துக்கு மேல்’ என்ற விடை செல்லாது. டயலாக் முனையத்தின் முன் அமர்ந்து எண்ணைப் பார்த்துத் தேடலைச் செதுக்கிய நூலகரின் வேலையை இன்று மருத்துவ நூலகர்கள் பெரும்பாலும் பப்மெட் என்னும் மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் செய்கின்றனர். அதன் நிரல்வழிச் சேவை ஒரு தேடலுக்குப் பொருந்தும் கட்டுரைகளின் முழு எண்ணிக்கையையும், அது இலட்சங்களில் இருந்தாலும், முதல் மறுமொழியிலேயே தருகிறது. ஆனால் அவற்றுள் முதல் 10,000-ஐ மட்டுமே எடுத்துக்கொள்ள விடுகிறது. மீதியும் வேண்டுவோர் தேடலை ஆண்டுவாரியாகத் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டும் பத்தாயிரத்துக்குள் அடங்குகிறதா என்பதை அந்த எண்ணைப் பார்த்தே சரிசெய்துகொள்கின்றனர்.